பரவலும் புலம்பெயர்வும்: தொல்மாந்தர் இடப்பரவலைத் தமிழில் எடுத்துரைப்பதில் எழும் சொற்சிக்கல்கள் – மும்பைத் தமிழர் குடியேற்றத்தை ஒப்புநோக்கி

1. முன்னுரை

மாந்தரினம் ஆப்பிரிக்காவில் தோன்றிப் பிற கண்டங்களுக்குப் பரவிய வரலாறு இன்று பாடநூல்களிலும், அறிவியல் நூல்களின் மொழிபெயர்ப்புகளிலும், நாளிதழ்க் கட்டுரைகளிலும் இடம்பெறுகிறது. இவ்வரலாற்றைத் தமிழில் படிப்போர்க்குப் பின்வரும் அமைப்புடைய வாக்கியம் எதிர்ப்படுவது இயல்பு:

'ஆதிமனிதர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டு, பனிப்பாலத்தைக் கடந்து, அமெரிக்காவைச் சென்றடைந்தனர்.'

இவ்வாக்கியத்தில் இலக்கண வழு ஏதுமில்லை; நடையும் எளியது. ஆயினும் இதிலுள்ள 'புறப்பட்டு', 'பனிப்பாலம்', 'கடந்து', 'சென்றடைந்தனர்' என்னும் நான்கு சொற்களும் தொல்லியலும் மரபணுவியலும் கூறாத செய்திகளைக் கூறிவிடுகின்றன. புறப்பட்டவர்க்கு நோக்கம் உண்டு. பாலத்துக்கு இரு கரைகள் உண்டு. கடத்தற்கு எல்லை உண்டு. சென்றடைதற்குச் சேரிடம் உண்டு. இந்நான்கனுள் எதுவும் தொல்மாந்தர் பரவலுக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை.

ஒரு சொல் எங்குப் பொருந்தவில்லை என்பதை அறிய, அச்சொல் முழுமையாகப் பொருந்தும் நிகழ்வொன்றை அருகில் வைத்து நோக்குதல் பயன் தரும். மும்பை நகரின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் தமிழர் குடியமர்ந்த வரலாறு அத்தகைய நிகழ்வாகும். அங்குப் புறப்பாடும் உண்டு, சேரிடமும் உண்டு. மேலும், மும்பைப் பகுதி தொல்பழங்காலத் தடயங்களையும் கடலுள் அமிழ்ந்த பெருநிலத்தையும் உடையதாதலின், இருவகைப் பெயர்வுகளையும் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட இயல்கிறது. இவ்வொப்பீட்டின் வழியாக, மேற்கண்ட வாக்கியத்தின் சொற்களை ஆராய்ந்து மாற்றுச் சொற்களைப் பரிந்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மும்பைத் தமிழரும் பெயர்வுச் சொற்களும்

சென்னையையும் பம்பாயையும் இணைக்கும் இருப்புப்பாதை 1871இல் நிறைவுற்றது. 1876–78ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலி வட்டாரத்திலிருந்து வந்தவர்கள், மாகிம் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலமான தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். அவர்கட்கு முன்னரே அங்குக் கோலி மீனவரின் குடியிருப்பு இருந்தது. இவ்வகைப் பெயர்வைத் தமிழ்ப் பேச்சு வழக்கு 'பிழைக்கப் போதல்' என்றும் 'பஞ்சம் பிழைக்கப் போதல்' என்றும் குறிக்கும். இத்தொடர்களில் சேரிடம் முதன்மை பெறவில்லை; போவதன் காரணமே முதன்மை பெறுகிறது. போனவர் திரும்பி வருவார் என்னும் எதிர்பார்ப்பும் இதில் அடங்கியுள்ளது. பல தலைமுறைகள் கடந்த பின்னரும் 'ஊருக்குப் போதல்' என்றால் தமிழகத்துச் சிற்றூருக்குப் போதல் என்றே மும்பைத் தமிழர் பொருள் கொள்வது ஈண்டுக் கருதத்தக்கது.

மாட்டுங்காவின் வரலாறு வேறுவகைப்பட்டது. 1896இல் பம்பாயைத் தாக்கிய கொள்ளைநோய்க்குப் பின், 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. அதன் திட்டப்படி தாதர், மாட்டுங்கா பகுதிகளில் தெருக்களும் மனைகளும் வகுக்கப்பட்டன. அலுவலகப் பணிக்காக வந்த தென்னிந்தியர் அங்குக் குடியமர்ந்தனர். 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் தொடங்கப்பட்டது. பள்ளியும் கோயிலும் கொண்டு வேரூன்றும் இவ்வகைப் பெயர்வுக்குக் 'குடியேற்றம்' என்னும் சொல் பொருந்தும்.

செம்பூரும் அதனை அடுத்த துரோம்பேயும் 1947இன் பின்னர் விரிவடைந்தன. பிரிவினையால் வந்த ஏதிலியர் குடியிருப்புகளும், 1954இல் துரோம்பேயில் நிறுவப்பட்ட அணுவாற்றல் நிலையமும், எண்ணெய்த் தூய்மிப்பு ஆலைகளும் அப்பகுதியை மாற்றின. 1976இல் அணு ஆராய்ச்சி நிலையத்தை அடுத்திருந்த ஜனதா காலனி அகற்றப்பட்டு, அங்கு வாழ்ந்தோர் சீத்தா கேம்ப் என்னும் இடத்திற்கு மாற்றப்பட்டனர். அவருள் தமிழரும் பலர். இவர்கள் பெயர்ந்தவர் அல்லர்; பெயர்க்கப்பட்டவர். 'பெயர்' என்னும் வினையடி 'பெயர்ந்தனர்' எனத் தன்வினையாகவும் 'பெயர்த்தனர்' எனப் பிறவினையாகவும் நிற்பதால், பெயர்ந்தவரின் விருப்பம் உண்டா இல்லையா என்பதைத் தமிழ் வினை வடிவத்திலேயே காட்டிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் பலகால் மறந்துவிடும் வசதி இது.

இச்சொற்களோடு வேறு மூன்றனையும் சேர்த்து எண்ண வேண்டும். 'புலம்பெயர்' என்னும் தொடர் பட்டினப்பாலையில் அயல்நாட்டிலிருந்து வந்து தங்கிய வணிக மாக்களைக் குறித்து வந்துள்ளது. இக்காலத்தில் ஈழத்தமிழர் வழக்கு 'இடம்பெயர்ந்தோர்' என்பதை நாட்டின் எல்லைக்குள் அகன்றோர்க்கும், 'புலம்பெயர்ந்தோர்' என்பதை நாட்டுக்கு வெளியே சென்றோர்க்கும் பெரிதும் வரையறுத்துக்கொண்டுள்ளது. 'வலசை' என்னும் சொல் இன்று பறவைகளின் பருவகாலப் பெயர்வைக் குறிப்பினும், பகைவர் படைக்கு அஞ்சி ஊரை விட்டு அகலுதல் என்னும் பொருளும் அதற்கு உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்துக் குஞ்சார்வலசை, சாத்தக்கோன்வலசை முதலிய ஊர்ப்பெயர்களில் இச்சொல் இன்றும் வாழ்கிறது.

ஆக, தமிழின் பெயர்வுச் சொற்கள் நான்கு பொருட்கூறுகளால் வேறுபடுகின்றன எனலாம்: நோக்கம், சேரிடம், எல்லை கடத்தல், விட்ட இடத்தின் நினைவு. மும்பைத் தமிழரிடம் இந்நான்கும் பெரும்பாலும் அமைந்துள்ளன. தொல்மாந்தரிடம் அவை அமைந்துள்ளனவா என்பதே கேள்வி.

3. 'புறப்பட்டு': நோக்கமும் தலைமுறையும்

மொராக்கோ நாட்டின் ஜெபல் இரூது என்னுமிடத்தில் கிடைத்த எலும்புகளுக்கு ஏறக்குறைய 3,00,000 ஆண்டுகள் என 2017இல் காலம் கணிக்கப்பட்டது. இவையே நம் இனத்தைச் சார்ந்தனவாகக் கொள்ளப்படும் தொன்மையான எலும்புகளாகும். ஆப்பிரிக்காவுக்கு வெளியே, இசுரேலின் மிஸ்லியா குகையில் ஏறக்குறைய 1,80,000 ஆண்டுத் தொன்மையுடைய தாடை எலும்பு கிடைத்துள்ளது. எனினும், இன்று ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் மரபுவழிக்குப் பெருங்காரணமான பரவல் இற்றைக்கு 70,000 முதல் 50,000 ஆண்டுகட்கு முன் நிகழ்ந்தது என மரபணுச் சான்றுகள் காட்டுகின்றன. ஆகவே வெளியேறல் ஒரு முறை நிகழ்ந்த ஒன்றன்று. சில வெளியேறல்கள் வழித்தோன்றல்கள் பெரிதும் எஞ்சாமலேயே முடிந்தன.

இப்பரவலின் வேகத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு குழுவின் வாழ்நிலம் ஆண்டுக்குச் சராசரியாக ஒரு கிலோமீட்டர் நகர்ந்ததாகக் கொள்வோம். ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டு எனின், பேரன் பிறக்கும்போது குடும்பத்தின் வேட்டைநிலம் பாட்டனின் நிலத்திலிருந்து 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும். ஒரு தலைமுறையின் நகர்வான 25 கிலோமீட்டர், தாராவியிலிருந்து தானே வரையுள்ள தொலைவினும் சற்றே மிகுதி. இவ்வேகத்தில் 5,000 கிலோமீட்டர் பரவ 200 தலைமுறைகள் ஆகும். அந்த இருநூறு தலைமுறையினருள் எவரும் 'புறப்பட்டோம்' என்று எண்ணியிருக்க வேண்டிய தேவையில்லை. விலங்கு சென்ற பக்கம் வேட்டையும், கிழங்கு கிடைத்த பக்கம் குடிலும் நகர்ந்தன, அவ்வளவே.

திருநெல்வேலியில் தொடர்வண்டி ஏறியவர் தாம் பம்பாய்க்குச் செல்வதை அறிவார். பெரும்பாலும் அங்கு முன்னரே சென்றிருந்த உறவினர் ஒருவரின் துணையும் அவருக்கு இருக்கும். ஒரே வாழ்நாளில், ஓரிரு நாட்களில் நிகழும் பெயர்வு அது. இரண்டனையும் ஒரே வினைமுற்றால் குறிப்பது காலத்தின் அளவையே மறைத்துவிடுகிறது. தொல்மாந்தர் பரவலுக்கு எழுவாய் 'மனிதர்' அன்று, 'மக்கள்தொகை' என்பதே. மக்கள்தொகை புறப்படாது, பரவும், சுருங்கும், பிரியும், கலக்கும்.

4. 'பனிப்பாலம்': இரு பிழைகள்

ஆசியாவின் வடகிழக்கு முனைக்கும் அலாசுக்காவுக்கும் இடையேயுள்ள பெரிங்கு நீரிணை இன்று மிகக் குறுகிய இடத்தில் ஏறக்குறைய 85 கிலோமீட்டர் அகலமும், 30 முதல் 50 மீட்டர் ஆழமும் உடையது. பனியூழியின் உச்சக் கட்டத்தில், அதாவது இற்றைக்கு 26,000 முதல் 19,000 ஆண்டுகட்கு முன், கடல்நீரின் பெரும்பகுதி நிலத்தின் மேல் பனிக்கட்டியாக உறைந்திருந்தது. அதனால் உலகின் கடல்மட்டம் இன்றுள்ளதினும் ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. நீரிணையின் அடித்தரை நிலமாக வெளிப்பட்டது. இந்நிலப்பரப்புக்குச் சுவீடன் நாட்டுத் தாவரவியலார் எரிக் ஹுல்ட்டேன் 1937இல் 'பெரிங்கியா' எனப் பெயரிட்டார்.

'பனிப்பாலம்' என்னும் சொல்லின் முதற்பிழை 'பனி' என்பதில் உள்ளது. பெரிங்கியா பனிக்கட்டியாலான பாதையன்று, அது நிலம். அதன் பெரும்பகுதி பனிவிரிப்பால் மூடப்படவும் இல்லை. மழையும் பனிப்பொழிவும் குறைந்த, குளிர்ந்த புல்வெளியாக அது இருந்தது. கம்பளி யானையும் குதிரையும் காட்டெருமையும் அங்கு மேய்ந்தன. பெரும் பனிவிரிப்புகள் அதற்குக் கிழக்கே, இன்றைய கனடாவில் இருந்தன. தமிழில் 'பனி' என்னும் சொல் காலைத் துளியையும், மூடுபனியையும், குளிரையும், வானிலிருந்து பொழியும் வெண்பனியையும், உறைந்த கட்டியையும் ஒருங்கே குறிப்பதால் இப்பிழை எளிதில் நேர்கிறது. வெப்பநாட்டு மொழியொன்றில் இப்பொருள்கள் ஒரு சொல்லுள் அடங்குவது குறையன்று. ஆனால் மொழிபெயர்ப்பாளர் அவ்வவ்விடத்தில் வெண்பனி, உறைபனி, பனிக்கட்டி, பனியாறு, பனிவிரிப்பு எனப் பிரித்து எழுதுதல் வேண்டும்.

இரண்டாம் பிழை 'பாலம்' என்பதில் உள்ளது. பெரிங்கியா வடக்கு தெற்காக 1,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலம் உடையதாயிருந்தது. அதன் மேல் நின்றவர்க்கு இரு கரைகள் தோன்றியிரா. ஆகவே 'நிலப்பாலம்' என்னும் வழக்கமான சொல்லும் உருவகமே என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இதனை மும்பைக் கடற்கரையைக் கொண்டு தெளிவாக்கலாம். 1974இல் கண்டறியப்பட்ட மும்பை ஹை எண்ணெய் வயல், கரையிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர் மேற்கே, ஏறக்குறைய 75 மீட்டர் ஆழமுள்ள கடலில் அமைந்துள்ளது. கடல்மட்டம் 120 மீட்டர் தாழ்ந்திருந்த காலத்தை, ஆழத்தை மட்டும் கொண்டு நோக்கின், இன்று எண்ணெய்க் கிணறுகள் நிற்கும் இடமும் அதற்கும் மும்பைக்கும் இடைப்பட்ட பரப்பும் நிலமாக இருந்தன. அந்நிலத்தை எவரும் 'பாலம்' என்று அழையார். அது இந்தியாவின் ஒரு பகுதி. பெரிங்கியாவும் அவ்வாறே வாழ்நிலமாக இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து தென்னாசியக் கரையோரமாக மாந்தர் பரவினர் என்னும் கருத்துக்கு நேரடிச் சான்று குறைவாக இருப்பதற்கு, அக்கரையோரம் இன்று அரபிக்கடலின் கீழ்க் கிடப்பதும் ஒரு காரணமாகும். நகருக்குள்ளேயே, 1870களில் பிரின்சு துறைமுகக் கப்பல்துறையைத் தோண்டியபோது, சேற்றின் அடியில் வேரோடு நின்ற மரங்கள் வெளிப்பட்டன. நிலமும் நீரும் இடம் மாறியதற்கு மும்பை தரும் சான்று அது.

இவ்விடத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கவரும் மற்றொரு சொல் 'கடல்கோள்'. இறையனார் களவியல் உரை முதலாகத் தமிழ் மரபில் இச்சொல்லுக்குப் பெரும் பொருட்சுமை உண்டு. அது திடீரென நிகழும் அழிவைக் குறிக்கும். பனியூழியின் பின் கடல் 120 மீட்டர் உயர ஏறக்குறைய 12,000 ஆண்டுகள் ஆயின. சராசரி உயர்வு ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். மிக விரைந்து உயர்ந்த காலத்திலும் அது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே. ஆகவே 'கடல்மட்ட உயர்வு' என்பதே தக்கது; 'கடல்கோள்' எனின் படிப்பவர் வேறொரு கதையைப் படித்துவிடுவர்.

5. 'கடந்து': எல்லையும் தங்கலும்

வடக்கின் கடுங்குளிரில் மாந்தர் வாழக் கற்றது பெரிங்கியாவுக்கு நெடுங்காலம் முன்னரே ஆகும். சைபீரியாவின் யானா ஆற்றங்கரையில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே ஏறக்குறைய 71 பாகை அகலாங்கில், இற்றைக்கு ஏறக்குறைய 32,000 ஆண்டுகட்கு முன் வேட்டைக் குழுவினர் வாழ்ந்தமைக்குச் சான்று உண்டு. பைக்கால் ஏரிப் பகுதியில் மால்ட்டா என்னுமிடத்தில் 24,000 ஆண்டுகட்கு முன் இறந்த சிறுவனின் மரபணுத்தொகை 2013இல் வெளியிடப்பட்டது. அச்சிறுவனின் குழுவுக்கு நெருங்கிய மக்களிடமிருந்து அமெரிக்கப் பழங்குடியினரின் மரபுவழியில் 14 முதல் 38 விழுக்காடு வந்தது என அவ்வாய்வு மதிப்பிட்டது. எஞ்சியது கிழக்காசிய மரபுவழியாகும்.

இவ்விரு மரபுகளும் கலந்த மக்கள், அமெரிக்காவில் பரவுவதற்கு முன் பெரிங்கியாவிலோ அதனை அடுத்த பகுதியிலோ பல்லாயிரம் ஆண்டுகள் பிறரினின்றும் பிரிந்து வாழ்ந்தனர் என்னும் கருத்து 2007இல் முன்வைக்கப்பட்டது. அக்கருத்தின்படி அவர்கள் கடந்து செல்லவில்லை, தங்கினர். பின்னர்ச் சைபீரியா நோக்கிய மீள்பரவலும் நிகழ்ந்தது என்பதைச் சுக்சி மக்களின் மரபணு காட்டுகிறது. ஒருதிசைச் செலவைக் குறிக்கும் 'கடந்து' என்னும் வினையெச்சம் இத்தங்கலையும் மீள்பரவலையும் மறைக்கிறது.

ஆயினும் இச்சொல் பொருந்துமிடமும் உண்டு. கடல்மட்டம் மிகத் தாழ்ந்திருந்த காலத்தும் தென்கிழக்காசியாவுக்கும் ஆசுத்திரேலியாவுக்கும் இடையே ஆழ்கடல் இருந்தது. இற்றைக்கு 50,000 ஆண்டுகட்கு முன்னரே ஆசுத்திரேலியாவில் வாழ்ந்த மக்கள் நீரைக் கடந்தே அங்குச் சென்றனர். அங்குக் 'கடந்து' என்பது உருவகமன்று, உண்மை. மொழிபெயர்ப்பாளர் இவ்விரு சூழல்களையும் வேறுபடுத்துதல் வேண்டும்.

6. 'சென்றடைந்தனர்': 'முதல்' என்னும் சொல்லும்

20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், ஏறக்குறைய 13,000 ஆண்டுத் தொன்மையுடைய குளோவிசு பண்பாட்டினரே அமெரிக்காவின் முதன் மக்கள் என்று கருதப்பட்டது. கனடாவின் இரு பனிவிரிப்புகளுக்கிடையே திறந்த இடைவழியூடே அவர்கள் தெற்கே சென்றனர் என்பது விளக்கம். ஆனால் அவ்விடைவழி ஏறக்குறைய 14,000 ஆண்டுகட்கு முன்னரே முழுமையாகத் திறந்தது என அண்மைய காலக்கணிப்புகள் காட்டுகின்றன. நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்சு பகுதியில் காணப்பட்ட மாந்தர் அடிச்சுவடுகளுக்கு 23,000 முதல் 21,000 ஆண்டுகள் என 2021இல் காலம் கூறப்பட்டது. 2023இல் வேறு பொருள்களைக் கொண்டு செய்த கணிப்பும் அதனை ஆதரித்தது. இடைவழி திறக்கும் முன்னரே மக்கள் தெற்கில் இருந்தனர் எனின், பசிபிக் கரையோரப் பரவலுக்கு முதன்மை தர வேண்டியுள்ளது. 'முதலில் சென்றடைந்தவர்' என்று எழுதிய நூல்கள் திருத்தப்பட வேண்டியனவாயின. 'இதுகாறும் கிடைத்த தொன்மையான தடயம்' என்று எழுதிய நூல்களுக்கு அத்தேவை எழவில்லை.

இதே சிக்கல் தமிழகத்திலும் எழுந்துள்ளது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இரா. பிச்சப்பன் பங்குகொண்ட ஆய்வில், மதுரை மாவட்டச் சிற்றூர் ஒன்றில் எம்130 என்னும் ஆண்வழி மரபணு அடையாளம் கண்டறியப்பட்டது. ஆசுத்திரேலியப் பழங்குடியினரிடமும் காணப்படும் அவ்வடையாளம் தென்கரையோரப் பரவலுக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. செய்தியாகப் பரவியபோது அது 'முதல் இந்தியர்' என்றாயிற்று. அடையாளம் தொன்மையானது, அதனைத் தாங்கியவரும் அவர்தம் ஊரும் சமூகமும் அதனால் 'முதல்' ஆகிவிடுவதில்லை. இவ்வடையாளத்தின் வேறு கிளைகள் மங்கோலியரிடமும், வட அமெரிக்காவின் நா-டெனே மொழி பேசும் மக்களிடமும் காணப்படுகின்றன. ஒரே வேரின் கிளைகள் வைகைக் கரையிலும் பனி சூழ்ந்த வடக்கிலும் கிடைப்பது பரவலையே உணர்த்துகிறது. எவருடைய முன்னுரிமையையும் அன்று.

'சென்றடைந்தனர்' என்பது பொருந்தும் வடநிலப் பெயர்வும் ஒன்று உண்டு. இனுயித்து மக்களின் முன்னோரான தூலே பண்பாட்டினர் 13ஆம் நூற்றாண்டு அளவில் அலாசுக்காவிலிருந்து கிரீன்லாந்து வரை விரைந்து பரவினர். படகும் நாய்ச் சறுக்குவண்டியும் உடைய மக்கள் சில தலைமுறைகளுள் செய்த பெயர்வு அது. அதனைப் புலம்பெயர்வு எனலில் தடையில்லை.

7. மொழிச் சான்றின் எல்லை

மொழியியலார் இவ்வரலாற்றுக்குத் தரக்கூடிய சான்று எத்தகையது என்பதும் ஆராயத்தக்கது. 1987இல் சோசப் கிரீன்பெர்க்கு அமெரிக்க மொழிகளை மூன்று பெருங்குடும்பங்களாக வகுத்து, மூன்று பெயர்வுகளை உய்த்துணர்ந்தார். அவற்றுள் 'அமெரிண்டு' என்னும் பெருங்குடும்பத்தை வரலாற்று மொழியியலாருள் மிகப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. சொற்களின் மேலோட்டமான ஒப்புமை, ஒழுங்கான ஒலி இணைகளுக்கு ஈடாகாது என்பது காரணம். 2008இல் எட்வர்டு வைடா, சைபீரியாவின் யெனிசெய் ஆற்றங்கரைக் கெட்டு மொழியையும் நா-டெனே மொழிகளையும் இணைக்கும் கருதுகோளை வினையமைப்பின் அடிப்படையில் முன்வைத்தார். அது இன்றும் ஆய்வில் உள்ளது. ஐயத்துக்கு இடமின்றி நீரிணையின் இருபுறமும் வழங்குவன யூப்பிக்கு மொழிகளே. ஆனால் அவற்றின் பரவல் மிகப் பிற்காலத்தது.

ஒப்பியல் முறையின் கால எல்லை 8,000 முதல் 10,000 ஆண்டுகள் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. திராவிட மொழிக்குடும்பத்தின் காலம் ஏறக்குறைய 4,500 ஆண்டுகள் என 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அக்குடும்பத்துள்ளேயே பலுச்சித்தானத்துப் பிராகூயி பண்டைப் பரப்பின் எச்சமா, பின்னர் வடக்கே பெயர்ந்ததா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. நிலைமை இவ்வாறிருக்க, 50,000 ஆண்டுத் தொன்மையுடைய பரவலை எந்த மொழிக்குடும்பத்தோடும் இணைத்துப் பேசுவதற்கு மொழியியலில் இடமில்லை.

மும்பைத் தமிழ் இவ்வெல்லையை வேறொரு வகையில் காட்டுகிறது. தாராவியில் திருநெல்வேலி வழக்கின் செல்வாக்கும், மாட்டுங்காவில் தஞ்சை, பாலக்காட்டு வழக்குகளின் செல்வாக்கும் கேட்கக்கூடியன. முதலில் வந்த சிறு குழுவின் வழக்கு பின்வந்தோர் பேச்சுக்கு அடித்தளமாகும் என்பதனை முவேனே 1996இல் நிறுவுநர் நெறி என விளக்கினார். சிறு நிறுவுநர் குழுவின் மரபணுக் கூறுகள் ஒரு கண்டம் முழுதும் பெருகியதும் இதனோடு ஒப்பிடத்தக்கது. ஒப்புமை இத்துடன் முடிகிறது. 'சால்', 'நாக்கா' முதலிய மும்பைச் சொற்கள் தமிழர் பேச்சில் கலந்திருப்பது தொடர்பு நிகழ்ந்ததைக் காட்டும். அது நிகழ்ந்த ஆண்டைக் காட்டாது. மக்கள் மொழியை விட்டுவிடவும் கூடும், ஒரே தலைமுறையில். மரபணுவை அவ்வாறு விட இயலாது. இரு சான்றுகளும் வெவ்வேறு வரலாறுகளைக் கூறுவது இதனாலேயே.

8. பரிந்துரைகள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க நெறிகள் வருமாறு:

(அ) பல தலைமுறைகளில், நோக்கமின்றி நிகழ்ந்த விரிவுக்குப் 'பரவல்'. எதிர்த்திசையில் நிகழ்ந்ததற்கு 'மீள்பரவல்'.

(ஆ) அறிந்து மேற்கொண்ட நெடும்பெயர்வுக்குப் 'புலம்பெயர்வு', வேரூன்றலுக்குக் 'குடியேற்றம்', பிறரால் நேர்ந்ததற்கு 'இடம்பெயர்க்கப்படல்'.

(இ) பருவந்தோறும் சென்று மீளும் விலங்கு, பறவைகளின் பெயர்வுக்கும், அவற்றைத் தொடர்ந்த வேட்டைக் குழுவின் பருவ நகர்வுக்கும் 'வலசை'.

(ஈ) 'பனிப்பாலம்' என்பதற்கு மாற்றாகப் 'பெரிங்கிய நிலப்பரப்பு'. 'கடல்கோள்' என்பதற்கு மாற்றாகக் 'கடல்மட்ட உயர்வு'.

(உ) 'முதல்' என்பதற்கு மாற்றாக 'இதுகாறும் அறியப்பட்டவற்றுள் தொன்மையான'.

இந்நெறிகளின்படி முன்னுரையில் கண்ட வாக்கியம் பின்வருமாறு அமையும்: 'மாந்தர் குழுக்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பல்லாயிரம் ஆண்டுகளில் பலமுறை பரவின; வடகிழக்கு ஆசியாவில் பரவியவருள் ஒரு பகுதியினர், அன்று நிலமாயிருந்த பெரிங்கியப் பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்தனர்; அவர்தம் வழித்தோன்றல்கள் அமெரிக்கக் கண்டங்களில் பரவினர்.' வாக்கியம் நீண்டுவிட்டது. ஆயினும் அது கூறாததைக் கூறவில்லை.

9. முடிவுரை

இச்சொல்லாராய்ச்சியின் பயன் நூலுக்குள் மட்டும் அடங்குவதன்று. 'வந்தேறி' என்றும் 'மண்ணின் மைந்தர்' என்றும் மக்களைப் பிரிக்கும் சொற்கள், யார் முதலில் வந்தவர் என்னும் கேள்வியின் மேல் நிற்கின்றன. 1966இல் தொடங்கப்பட்ட சிவசேனை தன் தொடக்க ஆண்டுகளில் பம்பாயின் தென்னிந்தியர்க்கு எதிராகப் போராட்டங்களை நடத்தியபோது, தாராவியிலும் மாட்டுங்காவிலும் பிறந்து வளர்ந்தவரும் வெளியார் எனப்பட்டனர். தமிழிலும் இச்சொற்கள் பிறரை நோக்கி வீசப்படுகின்றன. தொல்பழங்கால ஆய்வு முடிவுகளைத் தமிழில் தருவோர், 'புறப்பட்டனர்', 'வந்தேறினர்', 'முதலில் அடைந்தனர்' என்னும் வினைகளால் எழுதும்போது, பல்லாயிரம் ஆண்டுப் பரவல் ஒன்று நில உரிமைப் பத்திரமாக மாறிவிடுகிறது.

மும்பைப் பகுதியின் காந்திவலியில் 1930களில் கே. ஆர். யூ. டாட் பழங்கற்காலக் கருவிகளைக் கண்டறிந்து 1939இல் வெளியிட்டார். அப்பகுதியின் நுண்கற்கருவிகளைப் பற்றிய அவர் கட்டுரை 1950இல் வெளிவந்தது. அக்கருவிகளைச் செய்தோர் பேசிய மொழி எது என்பதை அவை கூறா. இன்று அந்நகரில் வழங்கும் எம்மொழியோடும் அவற்றை இணைக்கச் சான்றில்லை. கருவி கூறாத ஒன்றனை, அதனை விளக்கும் தமிழ் வினைச்சொல் கூறிவிடாமல் காப்பது மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பாகும்.